சிறு மந்தைக்குச் சாதுவான இறைச்சி மாடுகள்: தேர்வு வழிகள் ஓர் ஒப்பீடு

முப்பது பசுக்களுக்கு உட்பட்ட இறைச்சி மாட்டு மந்தையில், எடையையும் சினைப்பிடிப்பையும் பார்த்து முடித்த பிறகு நேரம் இருந்தால் கவனிக்கலாம் என்று குணத்தை ஒதுக்கி வைக்க முடியாது. பெரிய பண்ணையில் உறுதியான இரும்புத் தடுப்புகளும், நீண்ட ஒடுக்கு வழிகளும், ஒருவருக்கொருவர் துணைநிற்கும் வேலையாட்களும் இருப்பார்கள். சிறு மந்தையிலோ பெரும்பாலும் ஒரே ஆள், அதுவும் வேறு வேலை முடித்து வந்த களைப்போடு, அரை டன் எடையுள்ள விலங்குகளுக்கு நடுவே இறங்கி அவற்றைப் பிரிக்கவும் பிடிக்கவும் ஊசி போடவும் வேண்டியிருக்கிறது. மிரண்டு பாயும் ஒரே ஒரு பசு அன்றைய வேலை முழுவதையும் கெடுத்துவிடும். சில வேளைகளில் எலும்பு முறிவிலோ உயிரிழப்பிலோ கொண்டுபோய் விடும்.

ஆகவே சாதுவான மாடு வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதை எந்த வழியில் அடைவது என்பதில்தான் குழப்பம். சொந்த மந்தையில் பிறந்த கிடாரிகளில் சாதுவானவற்றைத் தேர்ந்து நிறுத்தலாம், மூர்க்கமான பசுக்களைக் கழிக்கலாம், குணத்துக்குப் பெயர்பெற்ற பொலிகாளையை வாங்கலாம், அல்லது அத்தகைய காளையின் விந்தைக் கொண்டு சினை ஊசி போடலாம், சாதுவான கிடாரிகளை வெளியிலிருந்து வாங்கலாம், இனத்தையே மாற்றலாம், இவை எதுவும் செய்யாமல், இருக்கும் மாடுகளை மனிதக் கைக்குப் பழக்கவும் செய்யலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சிறு மந்தையில் மிகக் கெட்ட ஒன்றிரண்டு பசுக்களைக் கழிப்பதும், அடுத்த பொலிகாளையைக் கவனமாகத் தேர்வதும் சேர்ந்துதான் பெரும்பகுதி வேலையைச் செய்கின்றன. பலரும் அதிக நேரம் செலவிடும் கிடாரித் தேர்வு, அதன் பெயருக்கு ஏற்ற பலனைத் தருவதில்லை.

எதைச் சாது என்கிறோம்?

ஒப்பிடுவதற்கு முன் இதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஏனெனில் மூன்று வெவ்வேறு குணங்கள் ஒரே பெயரில் பேசப்படுகின்றன. முதலாவது, மனிதர் அருகில் வரும்போதும் அடைக்கப்படும்போதும் மாடு எந்த அளவுக்கு மிரள்கிறது என்பது. இதன் வேர் அச்சம். இரண்டாவது, கன்று ஈன்ற சில நாள்களில் பசு கன்றைக் காக்கக் காட்டும் சீற்றம். ஆண்டு முழுவதும் சாதுவாக இருப்பது அந்த ஒரு வாரம் மட்டும் வேறு விலங்காக மாறுவதுண்டு. மாட்டை அசையாமல் நிறுத்தும் பிடிகூண்டுக்குள் அமைதியாக நிற்கும் பசு ஈற்றின்போதும் அமைதியாக இருக்கும் என்று கொள்ள முடியாது. மூன்றாவது, வளர்ந்த காளை மனிதரைத் தனக்குப் போட்டியாகக் கருதித் தாக்குவது. இதில் அச்சத்துக்கு இடமே இல்லை; அச்சம் இல்லாததே இதன் ஆபத்து.

மூன்றாவதைப் பற்றிய ஆய்வொன்று, காளை வாங்கப்போகும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது. பிரைஸ், வாலக் ஆகிய இருவர் 1990ஆம் ஆண்டில் வெளியிட்ட அந்த ஆய்வில், பிறந்த சில நாள்களிலேயே தாயிடமிருந்து பிரித்துத் தனித்தனி அடைப்பில் வளர்க்கப்பட்ட ஹெர்ஃபோர்டு காளைகளில் 75 விழுக்காடு பின்னாளில் மனிதரை மிரட்டின. அதேபோல் கையால் பாலூட்டப்பட்டாலும் கூட்டமாக வளர்ந்த காளைகளில் அந்த அளவு 11 விழுக்காடுதான். ஹெர்ஃபோர்டு, சாதுவான இனம் என்று உலகெங்கும் பெயர்பெற்றது. அதிலேயே இப்படி என்றால், புட்டிப்பால் குடித்து வளர்ந்து, அழைத்தால் ஓடிவந்து தலையைத் தேய்க்கும் காளைக்கன்றைச் சாது என்று எண்ணிப் பொலிகாளையாக நிறுத்துவது எத்தகைய முடிவு என்பதை யோசித்துப் பார்க்கலாம். நமக்கு வேண்டியது மனிதரைக் கண்டு சற்று விலகி நடக்கும், ஆனால் பதறாத மாடு. ஒட்டிக்கொள்ளும் மாடு வேண்டாம். காயடித்த கன்றாக இருந்தால் இந்தக் கவலை வெகுவாகக் குறையும்.

மிரட்சிக்கு இருக்கும் விலை ஆபத்தோடு நிற்பதில்லை. மிரளும் மாடுகள் மெதுவாக எடை கூடுவதும், தடுப்பூசிக்கு அவற்றின் உடல் குறைவாகவே எதிர்வினை காட்டுவதும், மிரளும் பசுக்களில் சினைப்பிடிப்பு குறைவதும் பல ஆய்வுகளில் தெரியவந்துள்ளன. இறைச்சியிலும் அதன் சுவடு தங்குகிறது. அறுப்புக்கு முன் நெடுநேரம் பதறிய மாட்டின் தசையில் சேமித்துள்ள கிளைக்கோஜன் என்ற மாச்சத்து தீர்ந்துபோவதால், அறுத்த பிறகு போதிய லாக்டிக் அமிலம் உருவாவதில்லை, சாதாரணமாக 5.5 அளவுக்கு இறங்க வேண்டிய இறைச்சியின் பி.எச். (அமிலம் கூடக் கூட இறங்கும் எண்) 6-ஐ ஒட்டியே நின்றுவிட, இறைச்சி கருத்துப் பிசுபிசுப்பாகி விரைவில் கெடுகிறது. ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து கன்றுகளை மட்டுமே விற்பவருக்கு இதில் ஒன்று தள்ளுபடியானாலும் கணக்கில் தெரியும்.

அளப்பது எப்படி

எந்த வழியைத் தேர்ந்தாலும் அளவுகோல் ஒன்று தேவை. அமெரிக்காவின் மாட்டிறைச்சி இன மேம்பாட்டுக் கூட்டமைப்பு பரிந்துரைக்கும் ஆறு படி மதிப்பெண் முறை சிறு மந்தைக்குப் போதுமானது. பிடிகூண்டில் நிறுத்தும்போதும் வெளியே விடும்போதும் மாடு நடந்துகொள்வதைப் பார்த்து 1 முதல் 6 வரை எண் தரப்படுகிறது: அமைதியாக நின்று நிதானமாக வெளியேறுவது 1, நிலைகொள்ளாமல் வாலை வீசுவது 2, பதற்றத்துடன் இழுத்துத் திமிறுவது 3, தறிகெட்டுக் குதித்து நடுங்குவது 4, தாக்க முனைவது 5, கொல்லும் வேகத்தில் பாய்வது 6. கன்று பால்குடி மறக்கும் சமயத்திலோ ஒரு வயதை ஒட்டியோ மதிப்பிடுவது நல்லது. அதற்குள் மாடு பலமுறை கூண்டுக்குள் வந்துபோய்விட்டால், பிறவிக்குணத்தோடு கற்றுக்கொண்டதும் கலந்துவிடும்.

இன்னொன்று, கூண்டைவிட்டு வெளியேறும் வேகத்தை அளப்பது. 1988இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அறிமுகப்படுத்திய இம்முறையில், வாயிலுக்கு வெளியே 2 மீட்டருக்கும் குறைவான தூரத்தை மாடு எவ்வளவு நேரத்தில் கடக்கிறது என்பதை ஒளிக்கற்றைக் கருவி பதிவு செய்கிறது. பார்ப்பவரின் சாய்வு இதில் புகாது என்பது இதன் சிறப்பு. கருவி இல்லாதவர், நடந்து வெளியேறியது, ஓட்டநடையில் வெளியேறியது, பாய்ந்து வெளியேறியது என்று மூன்று வகையாகக் குறித்துக்கொண்டாலே போதும். பிரான்சில் லிமூசின் இன மாடுகளிடம் செய்யப்பட்ட சோதனை வேறு வகையானது: தனியாக விடப்பட்ட இளமாட்டை ஒருவர் அடைப்பின் மூலையில் 30 விநாடி நிறுத்திவைக்க முயல வேண்டும். கூண்டில் தெரியாத மூர்க்கத்தையும் இது காட்டிக்கொடுக்கும். ஆனால் சிறு மந்தையில் தனியாக வேலை செய்பவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சுழி பார்ப்பதற்கும் சற்று ஆதாரம் உண்டு. விலங்கு நடத்தை ஆய்வாளர் டெம்பிள் கிராண்டினும் அவருடைய குழுவினரும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், நெற்றிச்சுழி கண்களுக்கு மேலே அமைந்த மாடுகள், கீழே அமைந்தவற்றைவிடக் கூண்டில் அதிகம் பதறின. அது கூட்டத்தைப் பற்றிய ஒரு போக்கு. கையில் இருக்கும் ஒரு மாட்டை அதை மட்டும் வைத்து ஏற்கவோ தள்ளவோ கூடாது.

கிடாரித் தேர்வு: எதிர்பார்ப்பும் கணக்கும்

இறைச்சி மாடுகளில் குணம் மிதமான அளவில் மரபுவழி வருவது. மாட்டுக்கு மாடு தெரியும் வேறுபாட்டில் மரபின் பங்கு ஆய்வுக்கு ஆய்வு மாறினாலும், லிமூசின், ஆங்கஸ் இனங்களின் பதிவேட்டுத் தரவுகளில் அது ஏறக்குறைய 0.4 என்று வருகிறது. எடைக்கூடுதலுக்கு இருக்கும் அளவை ஒட்டியது இது. சினைப்பிடிப்புக்கு இருப்பதைவிட மிக அதிகம். ஆகவே தேர்வால் மாற்றம் வரும் என்பதில் ஐயமில்லை. சொந்த மந்தைக்குள் மட்டும் தேர்ந்தால் எவ்வளவு வரும் என்பதைத்தான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இருபது பசுக்கள் உள்ள மந்தையில் ஆண்டுக்குப் பதினெட்டுக் கன்றுகள் பிறப்பதாகக் கொண்டால், கிடாரிகள் ஒன்பது. வயதாகியும் சினைப்பிடிக்காமலும் கழிக்கப்படும் பசுக்களுக்கு மாற்றாக மூன்று அல்லது நான்கு கிடாரிகளை நிறுத்த வேண்டும். ஒன்பதில் ஒன்று குட்டையாக இருக்கும், ஒன்றின் கால்கள் சரியாக இரா, ஒன்று பருவத்தின் கடைசியில் பிறந்ததாக இருக்கும். மிச்சம் உள்ள ஆறில் நான்கை எடுக்கும்போது குணத்துக்காகத் தேர்வு செய்ய இடமே குறைவு. அப்படியும் தேர்ந்த நான்கின் சராசரி மதிப்பெண், ஒன்பதின் சராசரியைவிட அரை மதிப்பெண் நல்லதாக அமைந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அந்த அரையில் மரபுவழிக் கடத்தப்படுவது 0.4 பங்கு, அதாவது 0.2, தாய் கன்றுக்குத் தருவது பாதி மட்டுமே என்பதால் அது 0.1 ஆகிறது. ஒரு தலைமுறைக்கு, அதாவது ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளுக்கு, தாய்வழியே கிடைப்பது ஒரு மதிப்பெண்ணில் பத்தில் ஒரு பங்கு. இதைக் கண்ணால் பார்த்து உணர முடியாது.

இதனால் கிடாரிகளுக்கு மதிப்பெண் இடுவது வீண் என்று சொல்லவில்லை. தேர்ந்தெடுப்பதற்கு உதவாத அதே எண், ஒதுக்குவதற்கு நன்றாக உதவுகிறது. 4-உம் அதற்கு மேலும் பெற்ற கிடாரியை, அது எவ்வளவு அழகாக வளர்ந்திருந்தாலும், நிறுத்தக்கூடாது. 1 பெற்றதற்கும் 2 பெற்றதற்கும் இடையே தேர்வதற்கோ மதிப்பெண்ணைவிட அவற்றின் வளர்ச்சியையும் தாயின் ஈற்று வரலாற்றையும் பார்ப்பது மேல். ஒரே ஒரு முறை பார்த்து இடப்படும் எண்ணில் அத்தனை நுட்பம் கிடையாது.

கழிப்பது

மந்தையின் அடியில் இருக்கும் ஒன்றிரண்டை நீக்குவது, எண்ணிக்கையில் சிறிய மாற்றமாகத் தோன்றினாலும், நடைமுறையில் மிக விரைவாகப் பயன் தரும் வழி. மாடு கூட்டத்தோடு வாழும் விலங்கு. ஒன்று தலையைத் தூக்கி மிரண்டால் மற்றவையும் மிரள்கின்றன. பதறும் பசு ஓட்டிச்செல்லும் வழியில் திரும்பிப் பாயும்போது பின்னால் வருபவை கலைகின்றன. அதன் கன்று தாயின் பதற்றத்தைப் பார்த்தே வளர்கிறது. அத்தகைய பசுவை நீக்கிய அடுத்த முறையே மந்தை முழுவதும் அமைதியாகிவிட்டதுபோல் இருக்கும். மற்ற பசுக்களின் மரபு மாறவில்லை, அவற்றைக் கலைத்துக்கொண்டிருந்தது மட்டும் போய்விட்டது.

இந்த வழிக்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் எப்போதும் ஒன்றுதான்: "அது ஆண்டு தவறாமல் நல்ல கன்று ஈனும் பசு." சிறு மந்தையில் ஒரு பசு மொத்த வருவாயில் ஐந்து விழுக்காடாகவோ எட்டு விழுக்காடாகவோ இருப்பதால், இவ்வாதத்துக்கு எடை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பசுவால் நேரும் இழப்புகள், வளைந்த கதவு, போடாமல் விட்ட தடுப்பூசி, கலைந்த மந்தையை மறுபடி சேர்க்கச் செலவான நேரம் என்று வேறு வேறு கணக்குகளில் ஒளிந்துகொள்கின்றன. நான் வைக்கும் எல்லை இது: 5, 6 பெற்ற விலங்குக்கு எந்தக் கன்றும் ஈடாகாது, கன்று பால்குடி மறந்ததும் அது போக வேண்டும். 4 பெற்றதற்கு, காயம், பார்வைக்குறை, முன்பு யாரோ முரட்டுத்தனமாகக் கையாண்டது போன்ற காரணம் தெரிந்தால் இன்னொரு வாய்ப்புத் தரலாம்; அதுவரை அதன் கிடாரிக்கன்றை நிறுத்தக்கூடாது. 3 பெற்றவற்றைக் கழிக்கத் தொடங்கினால் சிறு மந்தை காலியாகிவிடும். அவற்றைக் காளையின் வழியாகவே சரிசெய்ய வேண்டும்.

பொலிகாளை

ஒரு பசு தன் வாழ்நாளில் ஏழெட்டுக் கன்றுகள் ஈன்றால் நல்ல பசு. காளையோ மந்தையில் பிறக்கும் ஒவ்வொரு கன்றுக்கும் பாதி மரபைத் தருகிறது. சொந்தக் கிடாரிகளையே நிறுத்திவரும் மந்தையில், தொடர்ந்து பயன்படுத்திய மூன்று காளைகளின் பங்கு 50, 25, 12.5 என்று சேர்ந்து, மூன்றாம் தலைமுறைக் கிடாரியின் மரபில் 87.5 விழுக்காடு ஆகிவிடுகிறது. தொடக்கத்தில் எந்தப் பசுக்களை வைத்திருந்தோம் என்பது கிட்டத்தட்ட மறைந்தேபோகிறது. ஆகவே ஒன்பது கிடாரிகளுக்கு முன் நின்று யோசிக்கும் நேரத்தில் பெரும்பகுதியை ஒரே ஒரு காளையின் முன் செலவிடுவதே அறிவுடைமை.

காளையின் குணத்தை அறிய இரண்டு சான்றுகள் உண்டு. ஒன்று, இனச் சங்கங்கள் வெளியிடும் மரபு மதிப்பீடு. வட அமெரிக்காவில் இ.பி.டி. என்றும் ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இ.பி.வி. என்றும் வழங்குவது. குணத்துக்கான எண் அதிகமாக இருந்தால் கன்றுகள் சாதுவாக இருக்கும் வாய்ப்பு அதிகம். வட அமெரிக்க லிமூசின், ஆங்கஸ் சங்கங்களின் முறையில் அது விழுக்காட்டுப் புள்ளிகளாகத் தரப்படுவதால், +25 உள்ள காளையின் கன்றுகளில் அமைதியானவற்றின் விகிதம், +5 உள்ள காளையின் கன்றுகளைவிட 20 புள்ளிகள் கூடுதலாக இருக்கும் என எதிர்பார்க்கலாம். திமில் உள்ள ஆஸ்திரேலியப் பிராமன் இனத்தில் வெளியேறும் நேரத்துக்கே மதிப்பீடு உண்டு; அங்கே கூடுதல் நேரம் என்பது நிதானமான நடை. இந்த எண்களைப் படிக்கும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். கன்றுகள் இன்னும் பிறக்காத இளங்காளையின் எண் பெற்றோரைக் கொண்டு கணித்தது. அதன் நம்பகத்தன்மை குறைவு, மரபணுச் சோதனை செய்திருந்தால் ஓரளவு கூடும். இரண்டாவது, இந்த வேறுபாடு குணக்கேடு உள்ள மந்தையில்தான் வெளிப்படும். ஏற்கெனவே எல்லா மாடுகளும் 1, 2 என்று நிற்கும் மந்தையில், +25-க்காகக் கூடுதல் விலை கொடுப்பதால் எதுவும் மாறாது. குணத்தைப் போதும் என்ற அளவுக்குக் கொண்டுவந்த பிறகு, காளையின் மற்றப் பண்புகளுக்குப் பணத்தைச் செலவிடுவதே சரி.

மற்றச் சான்று கண்ணால் காண்பது. சந்தையில், புதிய இடத்தில், இரைச்சலுக்கு நடுவே நிற்கும் காளையைப் பார்த்து அதன் குணத்தை முடிவுகட்ட முடியாது; பதறும் காளை அன்று களைத்துப்போய் நின்றிருக்கலாம், மயக்க மருந்துகூடக் கொடுக்கப்பட்டிருக்கலாம். வளர்த்தவரின் இடத்துக்கே போய், அது மற்றக் காளைகளோடு இருக்கும்போது ஒருமுறையும், அவற்றிலிருந்து பிரித்துத் தனியாக நிறுத்தியபோது ஒருமுறையும் பார்க்க வேண்டும். கூட்டத்தில் சாதுவாகத் தோன்றும் பல காளைகள் தனிமையில்தான் தம் இயல்பைக் காட்டுகின்றன. தலையை உயர்த்தி, காதுகளை முன்னே விறைத்து, வேலியை அளப்பதுபோல் ஓரத்தில் நடைபோடுவது அச்சத்தின் அடையாளம். உடலைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டி, கழுத்தை வளைத்துத் தலையைத் தாழ்த்தி, மண்ணைக் காலால் சீய்ப்பது மிரட்டல். முன்னதை இளங்காளையிடம் ஓரளவு பொறுக்கலாம். பின்னதைக் கண்டால் விலை பேசாமல் திரும்பிவிட வேண்டும். முடிந்தால் அதன் தாயையும் பார்த்துவிட வேண்டும். தாயைக் காட்டத் தயங்கும் விற்பனையாளரின் தயக்கமே பாதி விடை. எப்படி வளர்ந்தது, தாய்ப்பால் குடித்தா புட்டிப்பால் குடித்தா, தனியாகவா கூட்டமாகவா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எந்தக் காளையையும் ஏற்றிவரக் கூடாது.

சினை ஊசியோடு ஒப்பிட்டால்

வளர்ந்த காளை ஒன்று இருபத்தைந்து முதல் முப்பது பசுக்களுக்குப் போதும். பன்னிரண்டு பசுக்கள் உள்ளவர் காளை வாங்கினால், அதன் ஆற்றலில் பாதியை வீணாக்கிக்கொண்டே முழுத் தீவனமும் போட வேண்டும். அதோடு, மந்தையிலேயே மிக ஆபத்தான விலங்கு எது என்று கேட்டால், விடை பெரும்பாலும் அந்தக் காளைதான். சினை ஊசி வழியாக, ஆயிரக்கணக்கான கன்றுகளைக் கொண்டு குணம் நிறுவப்பட்ட காளையின் மரபு ஒரு குப்பியில் வந்துசேர்கிறது. காளையின் கொம்பு வீட்டு வாசலுக்கு வருவதில்லை. மரபின் நம்பகத்தன்மை, பாதுகாப்பு இரண்டிலும் இதற்கு ஈடான வழி வேறில்லை.

ஆனால் இந்த வழி, எதைத் தீர்க்க வந்ததோ அதே இடத்தில் இடறுகிறது. சினைப்பருவத்தைக் கண்டறிய நாளுக்கு இருமுறையாவது பசுக்களுக்கு இடையே நடந்து பார்க்க வேண்டும். ஹார்மோன் ஊசி போட்டுச் சினைப்பருவத்தை ஒருங்கிணைத்தால் அந்தத் தொல்லை குறையும், ஆனால் ஒவ்வொரு பசுவும் குறுகிய காலத்தில் மூன்று முறையாவது கூண்டுக்குள் வர வேண்டியிருக்கும். மிரளும் பசுவுக்கு ஒவ்வொரு முறையும் அச்சுறுத்தல். அதன் உடலில் கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் உயர்வது சினைப்பிடிப்பையே பாதிக்கிறது. ஆகவே பசுக்களில் பாதி 3-க்கு மேல் நிற்கும் மந்தையில் நேராகச் சினை ஊசிக்குப் போவதை நான் ஏற்கவில்லை. முதலில் அடிமட்டத்தைக் கழித்து, ஒரு தலைமுறைக்கு நல்ல காளையைப் பயன்படுத்தி, பிறகு அதன் கிடாரிகளில் சினை ஊசியைத் தொடங்குவது நிதானமான பாதை. உறுதியான பிடிகூண்டு இல்லாதவர் இந்தப் பேச்சையே அது வரும்வரை தள்ளிவைக்கலாம்.

வெளியிலிருந்து கிடாரிகள், வேறு இனம்

கிடாரிகளைத் தாமே வளர்க்காமல் வாங்கிக்கொள்வது, சிறு மந்தைக்குப் பொருந்தாத வழி அன்று. இருபது பசுக்களுக்குள் தாய்வழியையும் இறைச்சிக் கன்றுகளையும் ஒரே காளையால் உருவாக்க முயல்வது எப்போதும் சமரசம்தான். கிடாரிகளை வாங்குபவர் எல்லாக் கன்றுகளையும் விற்றுவிடலாம், காளை தன் மகளையே கூடும் சிக்கலும் இல்லை. குணத்தைப் பொறுத்தவரை, நாற்பது கிடாரிகளில் அமைதியான நான்கைத் தேர்வதற்கு விற்பவர் இடம் கொடுத்தால், சொந்த ஒன்பதில் நான்கை எடுப்பதைவிட அது பலமடங்கு வலிய தேர்வு. விற்பவர் அப்படி இடம் கொடுப்பது அரிது என்பதுதான் இடர்ப்பாடு. ஒருவர் விற்க முன்வரும் கிடாரிகள் பெரும்பாலும் அவர் நிறுத்த விரும்பாதவை. நோயும் கூடவே வரலாம். கருச்சிதைவை உண்டாக்கும் புரூசெல்லோசிஸ் உள்ளிட்ட நோய்களுக்குச் சோதித்து, சில வாரம் தனியே வைத்துப் பார்க்காமல் மந்தையில் சேர்க்கக் கூடாது.

இனத்தை மாற்றுவது பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஹெர்ஃபோர்டு, ஆங்கஸ், ஷார்ட்ஹார்ன் போன்ற பிரித்தானிய இனங்கள் பொதுவாக அமைதியானவை என்பதும், திமில் உள்ள இனங்களும் அவற்றின் கலப்புகளும் பழக்கம் இல்லாத சூழலில் எளிதில் மிரள்பவை என்பதும் உண்மை. எனினும் ஒரே இனத்துக்குள் காளைக்குக் காளை உள்ள வேறுபாடு, இனங்களின் சராசரிகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டைவிடக் குறைந்ததன்று. லிமூசின் இனத்துக்கு ஒருகாலத்தில் முரட்டு மாடு என்ற பெயர் இருந்தது. வட அமெரிக்காவில் அதன் வளர்ப்போர் 1990களிலிருந்து குணத்துக்கு மதிப்பெண் இட்டுத் தேர்ந்துவந்ததில் அந்தப் பெயர் பெரும்பாலும் நீங்கியது. வெப்பத்தையும் உண்ணியையும் தாங்கும் என்பதற்காகத் திமில் மாடுகளை வைத்திருப்பவர், குணத்துக்காக மட்டும் அவற்றைக் கைவிட்டால் ஒரு தொல்லைக்குப் பதில் மூன்று தொல்லைகளை வாங்கிக்கொள்வார். சிறு வயதிலிருந்தே மென்மையாகக் கையாளப்பட்ட பிராமன் மாடு மனிதரோடு மிக இணக்கமாகப் பழகும்.

பழக்குவது தேர்வுக்கு மாற்றாகுமா?

பிராமன் கலப்புக் கிடாரிகளிலும், ஆங்கஸும் ஹெர்ஃபோர்டும் கலந்த கிடாரிகளிலும் ரெய்னால்டோ குக் குழுவினர் அமெரிக்காவில் நடத்திய ஆய்வுகள் இதற்கு ஓரளவு தெளிவான விடை தருகின்றன. பால்குடி மறந்த பிறகு சில வாரம் தொடர்ந்து கூண்டு வழியே அமைதியாக நடத்திப் பழக்கப்பட்ட கிடாரிகள், பழக்கப்படாதவற்றைவிட முன்னதாகப் பருவமடைந்தன. வளர்ந்த பசுக்களிடம் இதேபோன்ற முயற்சி குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் தரவில்லை. அதாவது, பழக்குவதற்குக் காலம் உண்டு. எட்டு மாதக் கிடாரியிடம் செலவிடும் ஒரு மணி நேரம், ஆறு வயதுப் பசுவிடம் செலவிடும் பத்து மணி நேரத்தைவிட மேல்.

பழக்கத்தால் வந்த அமைதி கன்றுக்குக் கடத்தப்படுவதில்லை என்பதால், பழக்குவது தேர்வுக்கு மாற்று ஆகாது. ஆனால் அது தேர்வைச் செம்மையாக்குகிறது. கத்தி விரட்டி, நாயை விட்டு, மின்கோலால் குத்தி உள்ளே தள்ளப்படும் மந்தையில் எல்லா மாடுகளும் 4 பெறும். எது பிறவியிலேயே மிரள்வது, எது நம்மால் மிரண்டது என்று பிரித்தறிய வழியிருக்காது. மாட்டின் தோள்பட்டைக்குப் பின்னால் நின்று நெருங்கினால் அது முன்னே நகரும், தோளுக்கு முன்னால் வந்தால் நின்று பின்வாங்கும், நேர் பின்னால் நிற்பவரை அதனால் பார்க்கவே முடியாது என்ற மூன்றையும் அறிந்து ஓட்டுபவரின் மந்தையில் இடப்படும் மதிப்பெண்ணுக்குத்தான் பொருள் உண்டு.

இன்னொரு வரம்பையும் சொல்லியாக வேண்டும். தேர்வில் ஒவ்வொரு பண்பைக் கூட்டும்போதும் மற்றவற்றின் முன்னேற்றம் மெதுவாகிறது; ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு பண்புகளைச் சம அக்கறையோடு தேர்ந்தால், ஒவ்வொன்றிலும் கிடைப்பது தனியாகத் தேர்ந்தால் கிடைப்பதில் பாதிதான். இருபது பசுக்களை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மேம்படுத்த முடியாது. எனவே குணத்தை ஏறிக்கொண்டே போக வேண்டிய ஏணியாகக் கருதாமல், தாண்டினால் போதும் என்ற வாசற்படியாகக் கொள்வதே சிறு மந்தைக்கு ஏற்றது. எல்லைக்குக் கீழே இருப்பவை வெளியே. எல்லையைத் தாண்டியவற்றுள் தேர்வு வளர்ச்சிக்கும் ஈற்றுக்கும் கால் வலிமைக்கும்.

பசு பன்னிரண்டு பதினைந்துக்குள் இருந்து, நல்ல பிடிகூண்டும் இருந்தால், அடிமட்டத்தைக் கழித்துவிட்டுச் சினை ஊசிக்குப் போவதும், கிடாரிகளை எட்டு மாதத்திலிருந்தே கூண்டுக்குப் பழக்குவதும் என் தேர்வு. இருபதைத் தாண்டிய மந்தையில், அல்லது சினைப்பருவம் பார்க்க நேரம் இல்லாதவரிடத்தில், கூட்டமாக வளர்ந்த, தனிமையிலும் நிதானம் இழக்காத காளையை வாங்கி, அதன் கிடாரிகள் சினைக்கு வரும் முன், இரண்டாம் ஆண்டின் முடிவிலோ மூன்றாம் ஆண்டிலோ மாற்றிவிடுவது நல்லது. எவ்வளவு சாதுவான காளையாக இருந்தாலும், முதுகைக் காட்டிக்கொண்டு அதனோடு ஒரே அடைப்பில் நிற்கக் கூடாது.

ஈற்று வாரத்தில் மட்டும் சீறும் பசுவைப் பற்றிய முடிவு இவற்றிலிருந்து தனியானது. காட்டு நாய்களோ நரிகளோ வரும் திறந்த மேய்ச்சலில் அந்தச் சீற்றம் கன்றைக் காக்கிறது. அங்கே, நாம் நெருங்கும்போது கன்றுக்கும் நமக்கும் நடுவே வந்து நின்று எச்சரிப்பதோடு நிறுத்திக்கொள்ளும் பசுவை வைத்துக்கொள்ளலாம், வேலிக்கு வெளியிலிருந்தே கன்றின் காதில் அடையாள வில்லை போட வழிசெய்துகொள்ளலாம். தொழுவத்தில் ஈனும் மந்தையில் அந்தச் சீற்றத்தால் பயன் இல்லை. எச்சரிக்காமல் பாயும் பசுவோ, ஈன்று பத்து நாள் கடந்தும் தணியாத பசுவோ எங்கே இருந்தாலும் கழிக்க வேண்டியதுதான். தலையீற்றுக் கிடாரிக்கு மட்டும், அது முதன்முறை என்பதால், அடுத்த ஈற்று வரை பொறுத்துப் பார்க்கலாம்.